பெயரை மறைக்கும் சட்டம்

பின்மார்க்,
16.01.2005

அன்புத் தங்கை மலருக்கு,

இங்கே நான், உன் மச்சாள், மகள் கஜேந்தினி மூவரும் உயிரோடும் சளியோடும் இருக்கிறோம். அங்கே நீ, அருள், சின்னவன் சயூரன் எல்லாரும் எப்படி என்று எழுது. தொலைபேசியில் கேட்கலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி உனக்கும் உன் மச்சாளுக்கும் எழுதிக் கொடுத்தது. எனக்குக் கடைசியில் "குளிரே அண்ணா?", "ஓம், குளிர்தான்" என்பதோடு முடிந்துவிடும். அதனால் கதை எல்லாம் கடிதத்தில்.

நோர்வேயின் இந்த வடகரையில் சூரியனைக் கண்டு ஏழு கிழமைக்கு மேலாகிறது. மீன் தொழிற்சாலையில் இனிக் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. மீனை வெட்டாமல் அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே வெட்டுவிக்கப் போகிறார்களாம். பதினேழு வருடம் கத்தி பிடித்த கை. வலது கையில் மூன்று விரல்கள் காலையில் எழும்பும்போது என்னுடையவை இல்லை. சுடுதண்ணீரில் வைத்துத்தான் எழுப்புகிறேன்.

ஒரு சங்கதி. உங்கள் உணவுக் கொம்பனியின் ஆய்வுகூடத்துக்கு உதவியாளர் தேவை என்று பேப்பரில் கண்டேன். யாழ்ப்பாணத்து இரசாயனப் பட்டத்தையும், இங்கே மூன்று வருடம் பின்னேரங்களில் படித்து எடுத்த ஆய்வுகூடச் சான்றிதழையும் வைத்து விண்ணப்பம் போட்டுவிட்டேன். நீ வேலைக்கு ஆள் எடுக்கிற ஆளணிப் பிரிவில் இருக்கிறாய் என்பதற்காக ஒன்றும் செய்யாதே. என் கடுதாசிகள் தங்கள் பாட்டுக்குக் கதைக்கட்டும். உனக்குக் கரைச்சலும் வராது. அங்கே நீ புருஷன் பெயரோடு அருளானந்தன். நான் அப்பாவின் பெயரோடு இராசதுரை. அண்ணன் தங்கை என்று எந்த நோர்வேக்காரன் கண்டுபிடிக்கப் போகிறான்?

இது கிடைத்தால் ஒஸ்லோவுக்கு வந்துவிடுவோம். கிடைக்காவிட்டால் நாற்பத்தெட்டு வயதில் இந்தக் கரையில் இருந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதை உன் மச்சாளுக்குச் சொல்லவில்லை.

உன் அண்ணா,
சிறீஸ்கந்தராசா


ரொம்சோஸ், ஒஸ்லோ
27.02.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் விரல்களை நினைத்தால்தான் கவலை. கம்பளிக் கையுறைக்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று போடுங்கள். இரண்டு சோடி அனுப்பியிருக்கிறேன். நாங்கள் சுகம். பதில் எழுதப் பிந்திவிட்டது. முதலில் சயூரனுக்குக் காய்ச்சல், பிறகு இவருக்கு, பிறகு எனக்கு. வீட்டில் ஒருவர் மாறி ஒருவர் படுத்தோம்.

விண்ணப்பங்கள் நிறைய வந்திருக்கின்றன அண்ணா. எங்கள் தலைவர் ஸ்வைன்தான் பார்க்கிறவர். முடிவு என் கையில் இல்லை.

ஒரு புதினம் சொல்கிறேன். என்னோடு ஆளணிப் படிப்புப் படித்த தூருன் என்பவளைத் தெரியும்தானே, ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற கொம்பனியில் வேலை செய்கிறவள். அவளும் நானும் இன்னும் ஐந்து பேரும் செவ்வாய்தோறும் குரோருட்டில் கூடுகிறோம். அவளுடைய குடியிருப்புக்காரரின் பொதுமண்டபத்தை வாடகையில்லாமல் தருகிறார்கள். பெரிய தலைகள் ஒருவருமில்லை. எல்லாரும் ஆளணிப் பிரிவுகளில் கடிதம் தட்டுகிற, கோப்பு அடுக்குகிற ஆட்கள். புதிய வேலைச் சட்டம் இப்போது பாராளுமன்றத்தில் இருக்கிறது. அதிலே ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறோம்: எந்த வேலைக்கு என்றாலும், விண்ணப்பங்களை முதற்தரம் பார்க்கும்போது பெயரை மறைத்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும்.

சில கொம்பனிகளில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். படிப்பைப் பார்க்கிறதில்லை. பெயரைப் பார்த்து இரண்டு அடுக்கு. ஒரு அடுக்கு மேசையில் இருக்கும். மற்றது அலுமாரிக்குப் போகும். "வெளியாலை இருக்கிற சனம் இதைச் சொன்னா முறைப்பாடு எண்டுவினம். பிரிக்கிற நாங்களே சொன்னா கேட்டுத்தான் ஆகவேணும்" என்கிறாள் தூருன்.

கையெழுத்து வேண்டும் அண்ணா. உறைக்குள் தாள் வைத்திருக்கிறேன். அங்கே தொழிற்சாலையில் வாங்கித் தருவீர்களா? மச்சாளையும் கஜேந்தினியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
ஞானமலர்


பின்மார்க்,
13.03.2005

அன்பு மலருக்கு,

கையுறை வந்தது. போட்டுப் பார்த்தேன், கலியாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று உன் மச்சாள் சிரித்தாள். சுகமாகத்தான் இருக்கிறோம்.

உங்கள் கொம்பனியின் பதிலும் வந்தது. மூன்று வரி. விண்ணப்பித்ததற்கு நன்றி, இம்முறை வேறொருவரைத் தெரிந்தெடுத்திருக்கிறோம், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். நல்ல தடித்த கடுதாசி, திகதி, குறிப்பு இலக்கம், ஸ்வைனின் கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக இருந்தது. கஜேந்தினி அதை என் கையிலிருந்து வாங்கிக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடித்துத் தந்தாள். இந்தப் பிள்ளை வரவரக் கதைக்கிறது குறைவு.

உன் தாளில் நாற்பத்தொரு கையெழுத்து இருக்கிறது. முதலாவது என்னுடையது. ரஷ்யாக்காரர் ஆறு பேர், பின்லாந்துக்காரி ஒருத்தி, மிச்சம் எங்கடை ஆட்கள். சாப்பாட்டு அறையில் கஜேந்தினி நின்று எல்லாருக்கும் நோர்வே மொழியில் விளங்கப்படுத்தினாள். வெட்டு மேசைத் தலைவன், வெள்ளைக்காரன், தானும் போட்டான். "உங்கடை பெயரை நான் பதினேழு வருசமாப் பிழையாத்தான் சொல்லுறன். ஆனா வேலை ஒருநாளும் பிழைச்சதில்லை" என்றான். நல்ல மனிசன்.

கேட்கவேண்டும் என்று நினைத்தேன். உங்கள் கொம்பனியில் எப்படிப் பிரிக்கிறவர்கள்? நீ அதை எழுதவில்லை. எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அண்ணா


ரொம்சோஸ்,
24.04.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? இங்கே பனி கரைந்து பாதையெல்லாம் சேறு. கையெழுத்துத் தாளைக் கண்டதும் தூருன் அழுதுவிட்டாள். எங்களிடம் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. அதில் ஒரே இடத்திலிருந்து வந்த பெரிய தொகை உங்களுடையதுதான்.

போன வியாழன் பாராளுமன்றக் குழுவுக்கு முன்னால் போனோம். எங்களுக்குப் பத்து நிமிடம். ஏழு பேரில் நான்கு பேர்தான் வந்தோம். மற்றவர்களுக்கு அன்றைக்குத்தான் லீவு கிடைக்கவில்லையாம். நான் நீலச் சேலை உடுத்துவோமா என்று நினைத்துப் பிறகு கறுப்புச் சட்டைதான் போட்டுக்கொண்டு போனேன். நீண்ட மேசை, தண்ணீர்ப் போத்தல், ஒவ்வொருவருக்கும் ஒலிவாங்கி. தூருன் வடிவாகக் கதைத்தாள். ஒரு பெண் உறுப்பினர் குறிப்பு எழுதிக்கொண்டே கேட்டார். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீங்கள் சொல்லுறது பொதுவாக் கேள்விப்பட்ட கதை. உங்கடை கண்ணாலை கண்ட ஒண்டு, உங்கடை வேலைத்தலத்திலை நடந்த ஒண்டு இருந்தாச் சொல்லுங்கோ. பெயர் வேண்டாம், ஒரு சம்பவம் போதும்" என்றார்.

தூருன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நேரம் முடிந்துவிட்டது.

வெளியே படியில் நின்று படம் எடுத்தோம். ஒன்று வைத்திருக்கிறேன். நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன், பார்த்துச் சிரிக்காதீர்கள். கஜேந்தினிக்குப் பரீட்சை நல்லபடி நடக்க வேண்டும் என்று கோயிலில் அர்ச்சனை செய்தேன்.

அன்புத் தங்கை,
மலர்


பின்மார்க்,
08.05.2005

அன்பு மலருக்கு,

படம் கிடைத்தது. கறுப்புச் சட்டையில் நீ அப்பாவைப் போலவே இருக்கிறாய், கண்ணை மூடினதும் சேர்த்து. பல்லுப் பிடுங்கப் போகும்போது அவரும் இப்படித்தான் நிற்பார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஆள் கேள்வி கேட்டபோது பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் மிச்சம் இருந்தது?

தொழிற்சாலை ஒக்டோபரில் பூட்டுப்படுகிறது. கூட்டம் வைத்துச் சொன்னார்கள், கேக் வைத்தார்கள். வேறு மூன்று கொம்பனிகளுக்கு எழுதியிருந்தேன். இரண்டு பதில் வந்தது, அதே மூன்று வரி. ஒன்று வரவில்லை; அதைத்தான் நல்லதென்று வைத்திருக்கிறேன். கஜேந்தினி ஆவணியில் துரொண்ட்ஹெய்முக்கு ஆய்வுகூடப் படிப்புக்குப் போகிறாள். தகப்பன் படித்ததையே படிக்கிறேன் என்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணா


ரொம்சோஸ்,
03.07.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? நான் சுகம் என்றுதான் எழுதவேண்டும்.

சட்டம் நிறைவேறிவிட்டது. எங்கள் வரி அதில் இல்லை. குழுவின் அறிக்கையைத் தூருன் முழுவதும் வாசித்தாள். வந்து கருத்துச் சொன்னவர்களின் பட்டியலில் எங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. அதிலும் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. "தனிப்பட்ட சம்பவங்கள் எவையும் முன்வைக்கப்படவில்லை" என்று ஒரு வசனம் போட்டிருக்கிறார்கள். அந்த வசனத்தை நான் பல தரம் வாசித்துவிட்டேன்.

எங்களில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். ஒருத்தியின் தலைவர் அவளைக் கூப்பிட்டு, "நீர் எங்கடை கொம்பனியைப் பற்றியா அங்கை கதைச்சனீர்?" என்று கேட்டிருக்கிறார். தூருனைச் சம்பளப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். இனி அவள் விண்ணப்பம் ஒன்றையும் காணமாட்டாள். தேர்தலுக்குப் பிறகு புதுக் குழு வரும், திரும்ப எழுதுவோம் என்கிறாள். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

நீங்கள் கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை என்று தெரியும். எழுதுவேன் அண்ணா. இப்போது ஏலாது.

மலர்


பின்மார்க்,
06.11.2005

அன்பு மலருக்கு,

உன் கடிதம் வந்து நான்கு மாதமாகியும் எழுதவில்லை, கோபம் என்று நினைக்காதே. எழுத ஒன்றும் இல்லை. தொழிற்சாலை பூட்டியாயிற்று. கடைசி நாள் கத்தியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பதினேழு வருடத்துக் கத்தியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். இப்போது பள்ளிக்கூடத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் நிலம் துடைக்கிறேன். ஈரத் துணியைப் பிழிய விரல் விடுகிறதில்லை, காலால் மிதித்துப் பிழிகிறேன். எங்கடை ஆட்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். கோயில் அறையை மாதம் ஒருக்காத்தான் திறக்கிறோம்.

தமிழ்ப் பிள்ளைகள் ஒஸ்லோவில் வங்கி, ஆஸ்பத்திரி என்று வேலையில் இருக்கிறார்கள் என்று உன் மச்சாள் சொல்லுகிறாள். இருக்கட்டும். எனக்கு இனி வேண்டாம். நான் விண்ணப்பம் போடுகிறதை விட்டுவிட்டேன்.

அருளையும் சயூரனையும் கேட்டதாகச் சொல்.

அண்ணா


ரொம்சோஸ்,
19.02.2006

அன்புள்ள அண்ணா,

புதுக் குழுவிடமிருந்து பதில் வந்துவிட்டது. ஒரு வசனம்: உங்கள் கடிதம் தகவலுக்காகப் பெற்றுக்கொள்ளப்பட்டது. செவ்வாய்க்கிழமை நானும் தூருனும் மட்டும்தான் போனோம். மண்டபத்துத் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு கோப்பி குடித்துவிட்டுப் பிரிந்தோம். இனி ஒன்றும் இல்லை.

அதனால் இனி ஒளிக்கவும் ஒன்றும் இல்லை. எழுதுகிறேன்.

போன வருடம் தை மாதம் ஐம்பத்தெட்டு விண்ணப்பம் வந்தது. பிரிக்கிறது என் வேலை. ஸ்வைன் கெட்ட மனிசன் இல்லை அண்ணா, அதுதான் கஷ்டம். "நான் உந்தப் பெயருகளை ரெலிபோனிலை பிழையாச் சொல்லிப்போடுவன். பிழையாச் சொல்லுறது மரியாதையில்லை. அதைவிட எடுக்காமல் விடுறது நல்லது" என்று நான் சேர்ந்த முதல் வருடமே சொன்னார். என்னை வைத்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து ஐந்து வருடம் அந்தப் பெயர்களை நான்தான் எடுத்து மற்றப் பக்கம் வைக்கிறேன்.

அன்றைக்கு எட்டு வைத்தேன். எட்டாவது உங்களுடையது. உறையிலே உங்கள் கையெழுத்தைக் கண்டதும் கை நின்றுவிட்டது. ஸ்வைன் நிமிர்ந்து, "என்ன?" என்றார். என் அண்ணா என்று சொல்லியிருக்கலாம். இந்த ஆளின் சான்றிதழைப் பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வைத்தேன். தெரிந்தெடுத்த பெடியனுக்கு உங்கள் படிப்பில் பாதிகூட இல்லை.

அந்தக் கிழமைதான் தூருனைத் தேடிப் போனேன். சட்டம், கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகுதான். சட்டம் வந்தால் நான் செய்தது அழிந்துவிடும் என்று நினைத்தேன் போல. பாராளுமன்றத்தில் அவர் கேட்டபோது உங்கள் விண்ணப்பத்தின் பிரதி என் கைப்பையில் இருந்தது. நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. நீங்கள் கேட்டீர்களே, நான்கு. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

திட்டுங்கள். எழுதாமல் மட்டும் விடாதீர்கள்.

மலர்


பின்மார்க்,
21.05.2006

அன்பு மலருக்கு,

சுகமாக இரு. மூன்று மாதம் எடுத்துவிட்டேன், அதற்கு மன்னித்துக்கொள். ஐந்தாறு தரம் தொடங்கிக் கிழித்தேன்.

நீ எழுதினது எனக்குப் புதுக் கதை இல்லை. இந்த நாட்டுக் கடிதங்களின் மேல்மூலையில் "எங்கள் குறிப்பு" என்று ஓர் இடம் இருக்கிறதே. இலக்கம் போட்டு, ஒரு கோடு போட்டு, அந்தக் கோப்பைக் கையாண்டவரின் இரண்டு எழுத்துப் போடுவார்கள். எனக்கு வந்த மூன்று வரிக் கடிதத்தில் ஞானமலர் அருளானந்தனின் இரண்டு எழுத்து இருந்தது. முதலில் கண்டது கஜேந்தினி. விரலால் தொட்டுக் காட்டினாள். "மாமியா, அப்பா?" என்றாள். அது அவையின்ரை வேலை, அப்பிடித்தான் போடுவினம் என்றேன். அடுத்த நாள்தான் உன் தாளைக் கொண்டுபோய் நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினோம். நீயாகச் சொல்லுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் பார்த்தேன். கோபம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

இப்போது கேள். உன் சட்டத்துக்கு அந்தப் பிள்ளை காத்திருக்கவில்லை. இந்த நாட்டில் இருநூறு பேருக்கு மேல் வைத்திருக்கிற குடும்பப் பெயரை ஆரும் எடுக்கலாமாம். பதினெட்டு முடிந்தால் தாய் தகப்பனைக் கேட்கவும் தேவையில்லை. தை மாதம் துரொண்ட்ஹெய்மில் வைத்து மாற்றிவிட்டாள். கஜேந்தினி சிறீஸ்கந்தராசா இப்போது கயா லுண்ட். பின்னால் வருகிற பெயர் நோர்வேக்காரருக்குக் குடும்பப் பெயர். எங்களுக்கு அது தகப்பன். அவள் கழற்றி வைத்தது என்னை.

சொல்லிவிட்டு அழுதாள். "அப்பா, உங்களை விடேல்லை, பெயரைத்தான் விட்டனான்" என்றாள். விளங்குது பிள்ளை என்றேன். உன் மச்சாள் இரண்டு நாள் சமைக்கவில்லை.

கோடை லீவுக்கு நான்கு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாளாம். நான்கிலிருந்தும் கூப்பிட்டார்கள். அவள் எடுத்தது ஒஸ்லோவில், ஒரு உணவுக் கொம்பனியின் ஆய்வுகூடம். வேலைக்கு எடுத்த கடிதத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாள். மேல்மூலையில் உன் இரண்டு எழுத்து இருக்கிறது. அவளின் ஊர், படித்த பள்ளிக்கூடம் எல்லாம் அந்த விண்ணப்பத்தில் எழுதியிருந்தாளாம். நீ அதுவரைக்கும் வாசிக்கவில்லை.

ஆனி பன்னிரண்டாம் திகதி திங்கட்கிழமை வருவாள். மாமி வீட்டில் தங்கமாட்டாளாம், எல்லிங்ஸ்ருட்டில் சிநேகிதியோடு அறை எடுத்திருக்கிறாள். நீ அவளை ஒன்றும் கேட்காதே.

அண்ணா


ரொம்சோஸ்,
02.07.2006

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிள்ளை சுகமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதுகிறேன்.

அவள் வந்த திங்கள் காலை அவளுக்கான அடையாள அட்டையை அச்சடித்தது நான்தான். கயா லுண்ட் என்று தட்டினேன். வாசலில் ஸ்வைனும் நானும் நின்றோம். நல்ல உயரம், உங்கள் நடை. அவள் ஸ்வைனுக்குக் கை கொடுத்தாள், பிறகு எனக்குக் கொடுத்தாள். "கயா" என்றாள். நான் "ஞானமலர்" என்றேன். அவள் கை சில்லென்று இருந்தது. அட்டையைக் கொடுத்தேன், ஆய்வுகூடத்துக்கு வழி காட்டினேன். மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவள் ஒரு கரையில், நான் ஒரு கரையில். மூன்று கிழமையாக அப்படித்தான்.

ஆய்வுகூடத்தில் அவளை நல்ல விருப்பம். ஸ்வைன் அவளின் பெயரை ஒருதரமும் பிழையாகச் சொன்னதில்லை.

முதல்நாள் அவள் உள்ளே போனபிறகு அவர் என் பக்கம் குனிந்து, "லுண்ட் எண்டதும் நான் வேறை மாதிரி நினைச்சன். தத்தெடுத்த பிள்ளையாக்கும்" என்றார். என் அண்ணாவின் பிள்ளை என்று சொன்னால் அவளுடைய வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். என்னுடைய வேலையையும் நினைத்தேன், அதுவும் உண்மை. நான் சொன்னதை உங்களுக்கு எழுதாமல் விட்டால் இன்னொரு வருடம் ஒளிக்கவேண்டி வரும்.

"இருக்கும்" என்றேன் அண்ணா.

மச்சாள் கேட்டால், பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், மெலியவில்லை என்று சொல்லுங்கள்.

மலர்